ரேஷன் அட்டை இல்லாத ஊர்

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறுகிறவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் ரேஷன் கடை கிடையாது. அரிசிக்கு அரசாங்க விலை இல்லை, ஆளுக்கு இத்தனை கிலோ என்ற ஒதுக்கீடும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாகவே ஆக்கிவிட்டது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை.

சிங்கப்பூர் அரசு போகும் வழி வேறு. கடையில் அரிசி தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. வாங்கச் சிரமப்படுபவர் கையில் காசாகவோ பற்றுச்சீட்டாகவோ கொடுக்கிறது. அந்தக் காசு சோறாக மாறித் தட்டுக்கு வருவதைக் குடும்பமும் தொண்டு அமைப்புகளும் கோயில்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. அரிசிக் காவலில் குறை சொல்ல அதிகம் இல்லை. காசு கொடுப்பதில் தொகையைவிட நேரம்தான் சிக்கல். இந்த ஊரில் பசி என்று ஒன்று இருந்தால், அது காசுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கிறது.

அரசு நேரடியாகச் சோறு போட்டதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போர் முடிந்த பிறகு, 1946இல், புதிதாக உருவான சமூகநல இலாகா ‘மக்கள் உணவகங்கள்’ நடத்தியது. ஒரு சாப்பாடு 35 காசு. அதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்காகப் பிறகு 8 காசு உணவகங்கள் வந்தன. பிற்காலத்தில் பெரிய அளவில் அரசு சாப்பாடு போட்டது 2020இல், கிருமித்தொற்றால் விடுதிகளில் முடங்கிய வெளிநாட்டு ஊழியர்களுக்கு, நாளுக்கு மூன்று வேளை. இரண்டுமே நெருக்கடிக் காலம். சாதாரண நாளில் கரண்டி அரசின் கையில் இருப்பதில்லை.

முதலில் அரிசியைப் பார்ப்போம். 1990 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் என்று முக்கிய வகைகளை இறக்குமதி செய்பவர், தன் மாத இறக்குமதியைப் போல் இரண்டு மடங்கைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். மாதம் 100 டன் கொண்டுவருபவர் 200 டன்னை அரசு குறிப்பிடும் கிடங்கில் அடுக்கிவைக்க வேண்டும். அரிசி வணிகருடையதுதான். ஆனால் நெருக்கடி வந்தால் இழப்பீடு கொடுத்து அதை எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு இதை மேற்பார்க்கிறது. பழைய மூட்டையை விற்று, புதியதை உள்ளே வைத்து, சரக்கைச் சுழற்றிக்கொண்டே இருப்பது வணிகரின் வேலை. வண்டு விழுந்தால் நட்டமும் அவருக்குத்தான். இந்திய உணவுக் கழகம் மாதிரி அரசே கொள்முதல் செய்து, கிடங்கு கட்டி, புழுத்ததை எழுதித் தள்ளும் செலவு இங்கே இல்லை. கிடங்கு வாடகையும் முடங்கிய முதலும் மூட்டை விலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நம் வீட்டுக்கு வந்துவிடும். ஏழைக்கும் அதே விலை, பணக்காரருக்கும் அதே விலை.

அதாவது இந்தக் கையிருப்பு, அரிசி இருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம். மலிவாக இருக்கும் என்பதற்கு இல்லை. இந்த வித்தியாசம் 2023இல் நன்றாகவே தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. 2022இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. பாஸ்மதியைக் கழித்தால் அது 17 விழுக்காடு. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அரிசி வருகிறது, கையிருப்பும் இருக்கிறது, பதற்றம் வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நாட்டுக்கு அது சரியான பதில்தான்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அரிசி வாங்குபவருக்கு அது போதவில்லை. அந்த 17 விழுக்காடு எல்லா வீடுகளிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. பொன்னியும் இட்லி அரிசியும் சோனா மசூரியும் சாப்பிடும் வீடுகளில் குவிந்திருந்தது. தாய்லாந்து மல்லிகை அரிசியில் இட்லி ஊற்றினால் என்ன ஆகும் என்பதை ஊற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். பல நாடுகளிலிருந்து வாங்குவது நாட்டின் ஆபத்தைக் குறைக்கும். ஒரு சமூகத்தின் சமையலறையில் இருக்கும் ஆபத்தை அது அப்படியே விட்டுவிடும். ஆகஸ்ட் 30 அன்று, சிங்கப்பூருடன் உள்ள சிறப்பு உறவைக் காரணம் காட்டி ஏற்றுமதியை அனுமதிப்பதாக இந்தியா அறிவித்தது. பிறகு 50,000 டன்னுக்கு உத்தரவு வந்தது. தடை முழுவதும் நீங்கியது 2024 செப்டம்பரில்தான். வசதியுள்ளவர்கள் முதல் வாரமே நான்கு மூட்டை வாங்கிப் போட்டார்கள். மாதக் கடைசியில் 5 கிலோ பை வாங்குபவருக்கு அந்த வழி இல்லை. ஏற்றுமதித் தடைச் செய்தி வந்தால் வாடகை வீட்டில் இருக்கும் தெரிந்தவருக்கு ஒரு 5 கிலோ பை வாங்கிக் கொடுப்பது, நம் வீட்டில் மூட்டை அடுக்குவதைவிட உபயோகமான காரியம்.

உள்ளூர் விளைச்சலைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடலாம். 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019இல் வைத்த இலக்கை 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். அதற்கும் ஓரறை வீட்டுத் தட்டுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை.

இனி காசு. பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடாகவும் 2024 ஜனவரியில் 9 விழுக்காடாகவும் ஏறியது. அரிசி, பருப்பு, பால் மாவு எதற்கும் விலக்கு இல்லை. விலக்குக் கொடுத்தால் அதிகம் வாங்கும் வசதியானவர்களுக்கே அதிக லாபம், அதனால் எல்லாரிடமும் வரியை வசூலித்துவிட்டு, குறைந்த வருமானக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது அரசின் வாதம். கணக்குச் சரி. ஆனால் வரி ஒவ்வொரு பாக்கெட்டிலும் தினமும் போகிறது. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டின் ரொக்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் வருகிறது, மின்சார, தண்ணீர்க் கட்டணக் கழிவு காலாண்டுக்கு ஒருமுறை. 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கிடைக்கும் அந்த ரொக்கம் செப்டம்பரில் பழைய கடனுக்கே போய்விடும் வீடுகள் உண்டு. மாதாமாதம் சிறு தொகையாகப் பிரித்து வாங்கிக்கொள்ளும் தெரிவு இருந்தால் நல்லது.

சமூக மேம்பாட்டு மன்றங்கள் வழியாக அரசு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதன் சூட்சுமங்கள் எல்லாருக்கும் தெரிவதில்லை. 2021 டிசம்பரில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 100 வெள்ளி. 2023 ஜனவரியில் 300, 2024 ஜனவரியில் 500. 2025இல் ஜனவரியில் 300, மே மாதத்தில் 500. 2023 முதல் பாதித் தொகை பேரங்காடிக்கு, மறுபாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். ஒரு பாதியை மறுபாதிக்கு மாற்ற முடியாது. சமைக்க முடியாத முதியவரிடம் உணவங்காடிப் பாதி முதல் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோய், பேரங்காடிப் பாதி டிசம்பர் வரை அப்படியே கிடக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் நேர்மாறாக நடக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நினைவூட்ட வேண்டியது: ஈரச்சந்தையில் மீன், காய்கறிக் கடைகளும், திட்டத்தில் சேர்ந்து ஒட்டுவில்லை ஒட்டியிருக்கும் மளிகைக் கடைகளும் உணவங்காடிப் பாதியில்தான் வரும். பேரங்காடிப் பாதியை முட்டை, எண்ணெய், பால், டப்பா மீன் என்று முடித்துவிட்டு, பருப்பையும் இட்லி அரிசியையும் அக்கம்பக்க மளிகைக் கடையில் மறுபாதியில் வாங்கலாம்.

பற்றுச்சீட்டைப் பெறுவதற்குக் குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளத்தின் வழியாக உள்ளே போனால் போதும். அவர் கைபேசிக்கு gov.sg என்று ஆங்கிலத்தில் எழுதுவோமே, அந்த அரசாங்கப் பெயரில் குறுஞ்செய்தி வரும். அதிலிருக்கும் இணைப்பை வீட்டில் மற்றவர்களுக்கும் அனுப்பலாம். ஒருவர் பெற்றுவிட்டால் அதே குடும்பத்தில் இன்னொருவர் தனியாகப் பெற முடியாது. சண்டை இங்கேதான் தொடங்குகிறது. மகன் பெற்றுவைத்துக்கொண்டு இணைப்பை அம்மாவுக்கு அனுப்பாத வீட்டில், அம்மாவுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. குடும்பம் என்று அரசு பார்ப்பது அடையாள அட்டையில் உள்ள முகவரியை. வேறு வீட்டுக்குக் குடிபோய் முகவரியை மாற்றாதவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். திறன்பேசி இல்லாதவர் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்குப் போனால் தாளில் அச்சிட்டே தருவார்கள். மீதிக்காசு கிடைக்காது என்பதால் 2, 5, 10 வெள்ளிச் சீட்டுகளைச் சேர்த்துத் தட்டிவிட்டு, மீதியைக் கையிலிருந்து கொடுப்பதே சிக்கனம். 3 வெள்ளி 50 காசுச் சாப்பாட்டுக்கு 5 வெள்ளிச் சீட்டைக் கொடுத்தால் ஒன்றரை வெள்ளி போனது போனதுதான். நிரந்தரவாசிகள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு இது கிடையாது. ஒரு குடிமகனாவது இருக்க வேண்டும்.

பற்றுச்சீட்டு எல்லாருக்குமானது, அதனால் வாங்கக் கூச்சம் இல்லை. உண்மையிலேயே வருமானம் நின்றுபோனவருக்கான வாசல் காம்கேர் என்ற அரசு நிதியுதவித் திட்டம். அங்கேதான் கூச்சமும் காகிதமும் சேர்ந்துகொள்கின்றன. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் நிலையம் எடுத்த 2019ஆம் ஆண்டுப் பசி ஆய்வில், முந்தைய 12 மாதத்தில் ஒருமுறையாவது போதிய, சத்தான உணவு கிடைக்காமல் போன குடும்பங்கள் 10.4 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் எங்கும் உணவு உதவி கேட்கவில்லை. கேட்கக் கூச்சம், எங்கே கேட்பதென்று தெரியவில்லை, என்னைவிடக் கஷ்டப்படுபவர் இருப்பார் என்பவையே காரணங்கள். மூன்றாவது காரணம் நம் ஆட்கள் வாயில் அடிக்கடி வரும்.

வழி இதுதான். வீட்டுக்குப் பக்கத்துச் சமூக சேவை அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 1800-222-0000 என்ற எண்ணை அழைக்கலாம். குடும்பச் சேவை நிலையமோ நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்போ அங்கே அனுப்பிவைக்கலாம். எல்லாருடைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதிப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வாடகை, தண்ணீர், மின்சார ரசீதுகள், உடல்நலக் குறைவென்றால் மருத்துவர் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். வீட்டு வருமானத்தைக் கூட்டித் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பார்கள். குறுகிய, நடுத்தர கால உதவி சில மாதங்களுக்கு. வேலைக்கே போக முடியாத, குடும்ப ஆதரவும் இல்லாத முதியவர்கள், நோயாளிகளுக்கு நீண்டகால உதவி.

எங்கே சிக்குகிறது? பகுதிநேரத் துப்புரவு, வாடகைக் கார், பொருள் விநியோகம் என்று வாரத்துக்கு வாரம் மாறும் வருமானம் உள்ளவரிடம் சம்பளச் சீட்டே இருக்காது. வங்கிக் கணக்கை வைத்து நிரூபிக்க வேண்டும். கையில் வாங்கியது கணக்கில் ஏறியிருக்காது. ஒரே முகவரியில் இருக்கும் மகன் காசு கொடுக்காவிட்டாலும் அவன் சம்பளம் கணக்கில் வரும். அதை வாய்விட்டுச் சொன்னால்தான் அதிகாரிக்குத் தெரியும், பெற்ற தாய் சொல்லமாட்டார். இன்னொன்று, உதவிக் காலம் முடிந்து புதுப்பிக்கும் இடைவெளி. முடிவுக்குச் சில வாரங்கள் ஆகலாம். கடைசித் தவணை வந்த பிறகு போய் நின்றால் நடுவில் ஒரு மாதம் வெறுமையாக விழும். கடைசித் தவணைக்கு முந்தைய மாதமே போவது நல்லது. முடிவு வரும்வரை வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லையென்றால், ‘இன்றைக்குச் சமைக்க ஒன்றுமில்லை’ என்று அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு உடனடி உதவி கொடுக்க வழி இருக்கிறது. ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று மரியாதைக்குச் சொன்னால் அது கோப்பில் அப்படியே ஏறிவிடும்.

தொகை போதுமா? தனியாக வாழ்பவருக்கான நீண்டகால உதவி 2022 ஆகஸ்டில் 600லிருந்து 640 வெள்ளியானது. 2025இல் மறுபடி உயர்ந்தது. பழைய 640ஐயே எடுத்துக்கொள்வோம். மூன்று வேளையும் 3 வெள்ளி 50 காசில் வெளியே சாப்பிட்டால் நாளுக்கு 10.50, மாதம் 315. பாதி அங்கேயே தீர்ந்தது. சமைத்தால் இதில் பாதிகூட ஆகாது. ஆனால் சமைக்க முடிந்த உடம்பு இருந்தால் அவர் இந்த உதவிக்கே வந்திருக்கமாட்டார்.

அந்த 3 வெள்ளி 50 காசு எங்கிருந்து வந்தது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) வாடகைக்கு விடும் காப்பிக்கடைகளில், அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்களில், 2023 முதல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நான்கு மலிவுச் சாப்பாடும் இரண்டு மலிவுப் பானமும் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட கடைகள் 374. வீவக காப்பிக்கடைகளில் மற்ற பாதி தனியாருக்கு விற்கப்பட்டவை, அவற்றுக்கு இது பொருந்தாது. நிபந்தனை கடை நடத்துபவருக்கு. அடுப்பில் நிற்பவர் பெரும்பாலும் அவரிடம் உள்வாடகைக்கு இருக்கும் சிறுகடைக்காரர். விலையைக் குறைக்கும் சுமையை யார் சுமப்பது என்ற முணுமுணுப்பு தொடங்கிய நாள் முதலே இருக்கிறது. மலிவுச் சாப்பாட்டு அறிவிப்பு சில இடங்களில் கண்ணில் படாத மூலையில் தொங்குவதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

திட்டங்களில் எனக்கு மிகவும் ஒழுங்காகப் படுவது பள்ளிச் சாப்பாடு. கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் தொடக்கப்பள்ளி மாணவருக்குப் பள்ளி வாரத்துக்கு 7 சாப்பாடு, உயர்நிலையில் 10. 2023இல் வருமான வரம்பு குடும்பத்துக்கு 2,750லிருந்து 3,000 வெள்ளிக்கும், தலைக்கு 690லிருந்து 750க்கும் உயர்ந்தது; 2026இல் மறுபடி உயர்ந்தது. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். வீட்டில் ஆறு பேர் என்றால் முதல் வரம்பைத் தாண்டியவர்களும் இரண்டாவதில் உள்ளே வந்துவிடுவார்கள். இந்த ‘அல்லது’வைக் கவனிக்காமல் விண்ணப்பிக்காதவர்கள் இருக்கிறார்கள். படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கிடைக்கும். தொகை பிள்ளையின் பள்ளி அட்டையில் ஏறுவதால், வரிசையில் நிற்கும்போது யார் காசு என்று அடுத்த பிள்ளைக்குத் தெரியாது. ஓட்டை எங்கே என்றால் விடுமுறையில். மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி என்று கூட்டினால் ஏறத்தாழ 12 வாரம். சாப்பாடு பள்ளி நாளுக்கு மட்டும்தான். 2020இல் வீட்டிலிருந்து படித்த வாரங்களில் இந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அமைச்சு தொகை கொடுத்தது. வழி தெரியாத காரியம் இல்லை.

மிச்ச இடைவெளியை நிரப்புவது தொண்டு. வில்லிங் ஹார்ட்ஸ், ஃபுட் ஃப்ரம் த ஹார்ட், ஃபுட் பேங்க், சிராங்கூன் சாலைக் கோயில்களின் அன்னதானம், டவுனர் சாலை சீக்கியர் குருத்துவாராவின் லங்கர் என்ற இலவசச் சாப்பாடு என்று பட்டியல் நீளம். மனமும் அரிசியும் நிறைய இருக்கின்றன, ஒருங்கிணைப்புதான் இல்லாமல் இருந்தது. பேர்போன வாடகை வீட்டுப் புளோக்குகளுக்கு மூன்று குழுக்கள் ஒரே வாரத்தில் மூட்டை கொண்டுபோவதும், நான்கு தெரு தள்ளியிருக்கும் மூவறை வீட்டில் வேலை இழந்த குடும்பத்தை யாரும் எட்டிப் பார்க்காததும் நடக்கிற கதை. இதைச் சரிசெய்யச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு அமைப்புகளை ஒரு பணிக்குழுவில் கூட்டியது நல்ல வேலை. பொட்டலம் கட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெள்ளை அரிசி, பீகூன் என்ற அரிசிச் சேமியா, மீ பாக்கெட், உப்பில் ஊறிய டப்பா என்றே நிரப்பினால், நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உள்ள முதியவர் வீட்டு அலமாரி நிறையும், உடம்பு நிறையாது. பருப்பு, தண்ணீரில் பதப்படுத்திய டப்பா மீன், ஓட்ஸ், ஒரு லிட்டர் எண்ணெய், சர்க்கரை சேர்க்காத பால் மாவு ஆகியவை தீரும். 5 லிட்டர் எண்ணெய் டின் தூக்க முடியாது. ஹலால் முத்திரை, சைவக் குறி, காலாவதிக்குக் குறைந்தது மூன்று மாதம் ஆகியவற்றைப் பார்த்து வாங்கினால், கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு வேலை குறையும்.

சமைத்த சாப்பாட்டுக்கு விதியே வேறு. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியைக் கொடுக்கலாமா என்ற கேள்வி வராத முகூர்த்த நாள் இல்லை. 2024 ஆகஸ்ட் 7 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவு நன்கொடைச் சட்டம், நல்ல மனத்தோடு கொடுப்பவரைச் சட்டப் பொறுப்பிலிருந்து காக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. கையைவிட்டுப் போகும்போது உணவு கெட்டிருக்கக் கூடாது. எப்படி வைத்திருக்க வேண்டும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சுகாதார விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழ். நடுவில் இருந்தால் மொத்தம் நான்கு மணி நேரம்தான். ஏழு மணி விருந்துக்கு மாலை ஐந்துக்குச் சமைத்து வந்த சோறு, மேசையில் திறந்து கிடந்து, இரவு பத்துக்கு ‘யாருக்காவது கொடுப்போம்’ என்று நினைவுக்கு வந்தால், அந்த நான்கு மணி நேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. சுடவைத்தாலும் பயனில்லை: ஆறிய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் இன்னும் சீக்கிரம் கெடும். கொடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அமைப்பிடம் பேசி, கால்வாசித் தட்டங்களைத் திறக்காமலே சூட்டுப்பெட்டியில் தனியாக வைத்து, சமைத்த நேரம் எழுதிய சீட்டோடு எட்டரைக்கே அனுப்பிவிட வேண்டும்.

மேலே சொன்ன காம்கேர், பற்றுச்சீட்டு எதிலும் இடமில்லாத பெரிய கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது, அதில் பலர் பேச்சு நமக்குப் புரியும். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்கள். பலரும் மாதக் கட்டணத்துக்கு உணவு விநியோகிப்பாளரிடம் வாங்குகிறார்கள். விடியற்காலையில் லாரி ஏறுவதால் காலை, மதியம் இரண்டும் நள்ளிரவை ஒட்டிச் சமைத்துக் கட்டப்பட்டு, வெயிலில் கிடந்து, பன்னிரண்டு மணிக்குத் திறக்கப்படும். மேலே சொன்ன நான்கு மணிக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பையும் சோற்றையும் தனித்தனியாகக் கட்டுவதும், மதியச் சாப்பாட்டை இரண்டாவது நடையாகப் பதினொரு மணிக்கு வேலையிடத்துக்கே கொண்டுவருவதும்தான் தீர்வு. இரண்டாவது நடைக்குக் காசு கொடுக்க முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் அடிபட்டோ சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுத்தோ வேலையின்றி நிற்பவருக்கு அந்தப் பொட்டலமும் நின்றுவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யுசி2 அமைப்பு 2008 முதல் கஃப் ரோடு திட்டத்தின் வழியாக இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே அனுப்பும்போது வேலை அனுமதிச் சீட்டு அல்லது மனிதவள அமைச்சு கொடுத்த சிறப்பு அனுமதித் தாளைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்காக வந்தவரின் வழக்கையும் அங்கேயே யாராவது கேட்டு எழுதிக்கொள்ள அது உதவும்.